முதலில் இரவு எங்கே என்று முடிவு செய்யுங்கள்: நடைக்குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் மலைநடைகளையும் கூடாரப் பயணங்களையும் ஏற்பாடு செய்துவரும் தமிழ் நடைக்குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் நெருங்கும்போதெல்லாம் உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அறிவிப்பு வரும். மலையின் உயரம், நடக்க வேண்டிய தொலைவு, ஒருவருக்கு ஆகும் செலவு, பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஆகிய எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். தங்குமிடம் என்ற இடத்தில் மட்டும் ‘கூடாரம்’ என்றோ ‘குடில்’ என்றோ ஒரே ஒரு சொல் இருக்கும். அந்த ஒற்றைச் சொல்லை விரித்து எழுதுங்கள் என்றும், அதற்கும் மேலாக, எந்தப் பாதையில் நடப்பது என்று தீர்மானிக்கும் முன்பே எங்கே படுப்பது என்று தீர்மானியுங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

புக்கிட் தீமாவின் 164 மீட்டர்தான் நம் நாட்டின் உச்சி. அதற்கு மேல் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ள குடும்பங்களை, ஒரு காசு ஊதியம் வாங்காமல், வேலை முடிந்து வந்த களைப்போடு உட்கார்ந்து திட்டம் போட்டு அழைத்துச் செல்கிறவர்கள் நீங்கள். உங்களால்தான் என் அப்பா தம் அறுபது வயதுக்கு மேல் மலையும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களைப் பார்த்தார். அந்த நன்றியை வைத்துக்கொண்டேதான் அடுத்து வருவதைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள ஒரு தீவுக்கு ஒரு குழுவுடன் அப்பாவும் நானும் சென்றிருந்தோம். அப்போது அவருக்கு வயது 66. காட்டுப்பாதையின் ஏற்றத்தை அவர் நன்றாகவே ஏறி இறங்கினார். மாலை ஆறரை மணி அளவில் கடற்கரையை அடைந்தபோது, ஓடை ஒன்று கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வாதுமை மரங்களுக்கு முன்னால் பாய் விரித்தது போலக் கிடந்த வெண்மணலில் கூடாரங்களைப் போடச் சொன்னார்கள். ஓடை அருகிலேயே இருப்பதால் தண்ணீருக்குக் கவலை இல்லை என்றார்கள். காலையில் கூடாரத்தைத் திறந்தால் கண்ணெதிரே கடல் என்றார்கள். எங்கள் கூடாரத்துக்குப் பின்னால், மரங்களின் பக்கமாக, காய்ந்த கடற்பாசியும் சுள்ளிகளும் தேங்காய் மட்டைகளும் மணலில் கோடு கிழித்தது போல ஒதுங்கிக் கிடந்தன. அப்பா அதைப் பார்த்துவிட்டு, “தண்ணி இதுவரைக்கும் வந்து போகுதும்மா” என்றார். எல்லாரும் இங்கேதானே போடுகிறார்கள் என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று பௌர்ணமிக்கு மறுநாள்.

நள்ளிரவு தாண்டி முதுகு சில்லிட்டுக் கண் விழித்தேன். தரைத்துணியில் கை வைத்தபோது அதன் அடியில் தண்ணீர் நெளிவது தெரிந்தது. கைவிளக்கைப் போட்டுப் பார்த்தால் வாசலில் நுரை. பதினெட்டுப் பேரும் நனைந்த துணிமூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்கிடையே ஏறி, விடியும்வரை வேர்களின் மேல் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் நடைக் காலணிகளில் ஒன்றைக் கடல் கொண்டுபோய்விட்டது. மறுநாள் படகுத்துறை வரையிலான காட்டுவழியை அவர் ரப்பர் செருப்போடு நடந்தார். அந்த ஓடைத் தண்ணீரில் போட்ட காலைத் தேநீர் உப்புக் கரித்தது. கடல் ஏறும்போது ஓடையின் வாய்க்குள்ளும் ஏறும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. குழுவின் பெயரையோ ஏற்பாட்டாளரின் பெயரையோ சொல்லி யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் என் எண்ணமில்லை. ஆனால் அந்த இரவின் ஒவ்வொரு துன்பமும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடியதாக இருந்தது. மணலில் கிடந்த பாசிக்கோடே அதைச் சொல்லிற்று. நம் வீடுகளின் சமையலறையில் தொங்கும் நாள்காட்டியும் சொல்லிற்று. அமாவாசை, பௌர்ணமி நாள்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களிலும் கடல் ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறையும். சந்திரனும் சூரியனும் ஒரே நேர்கோட்டில் நின்று கடலை இழுப்பதும், ஒன்றுக்கொன்று குறுக்காக நின்று இழுப்பதும்தான் காரணம். விரதத்துக்கும் கோயிலுக்கும் நாள் பார்க்கிற நாம், கடலோரத்தில் படுக்கப் போகும் இரவுக்கும் அதே தாளைப் பார்த்தால் போதும். அதன் பிறகு அந்தந்த ஊருக்கான ஏற்ற வற்ற நேரங்களை அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடலோர மலைப்பாதைகளை மற்ற மலைப்பாதைகளிலிருந்து வேறுபடுத்துவது இதுதான். இங்கே வழியைத் திறப்பதும் அடைப்பதும் கடல். ஜோகூரின் மெர்சிங் துறையிலிருந்து தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகளின் நேரமே, ஆற்றுமுகத்தில் போதிய தண்ணீர் இருப்பதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறுகிறது. சரவாக்கின் பாக்கோ தேசியப் பூங்காவுக்குப் படகில்தான் போக வேண்டும். அங்கும் வற்றம் மிகுந்த நேரத்தில் படகு கரையை நெருங்க முடியாமல் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டிவரும். நியூசிலாந்தின் ஏபெல் டாஸ்மன் கடற்கரைப் பாதையில் இது இன்னும் கண்டிப்பானது. 60 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் அவரோவா என்ற கழிமுகத்தை, கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து இரண்டு மணி நேரம் பின்புவரை மட்டுமே கடக்கலாம். ஏற்ற நேரத்தில் சுற்றிப் போக மாற்றுவழி கிடையாது. ஆகவே அங்கே செல்வோர் வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் முந்தைய இரவு கழிமுகத்தின் எந்தப் பக்கத்தில் தங்குவது என்று முன்பதிவு செய்கிறார்கள். வற்றம் விடியற்காலையில் என்றால் அவரோவா குடிலிலேயே படுத்து எழுந்து கடப்பது நல்லது. நண்பகலுக்குப் பிறகு என்றால் தொலைவிலுள்ள முகாம்தளத்திலிருந்துகூடப் புறப்பட்டு வந்து சேரலாம். கூடாரத்துக்கு ஆகாத அதே பௌர்ணமிக் கடல், பெரிதாக வற்றுவதால், கழிமுகத்தைக் கடப்பவருக்கு உதவியாகவும் இருக்கும். இதை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் அரை மணி நேர வேலை. பார்க்காமல் போனால் ஒரு நாள் முழுவதும் கரையில் காத்திருக்க நேரும்.

பருவம் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை. வடகிழக்குப் பருவமழை மலேசியாவின் கிழக்குக் கரையை அடித்து நொறுக்கும் காலமும் அதுவே. அப்போது தியோமான் பக்கம் படகுகள் குறைந்துவிடும், நின்றும் போகும். தங்குவிடுதிகளும் பல மூடிக்கிடக்கும். கட்டணம் மலிவாக இருக்கிறது என்று டிசம்பரில் அந்தக் கரைக்குத் திட்டமிடும் அறிவிப்புகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தியோமானையும் பாக்கோவையும் ஜூன் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பருக்கு, தென்கோளத்தின் கோடையில் இருக்கும் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவும் பொருந்தும். செலவு கூடுதல், முகாம்தளத்தையும் குடிலையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். ஹாங்காங்கும் அப்போது குளிர்ந்து வறண்டு நடப்பதற்கு இதமாக இருக்கும்.

ஆனால் அந்த வறட்சிக்கும் ஒரு விலை உண்டு. ஹாங்காங்கின் 100 கிலோமீட்டர் மக்லிஹோஸ் பாதை, சாய்குங் கரையோரமாக லோங்கே, சாய்வான், ஹாம்டின் ஆகிய கடற்கரைகளைத் தொட்டுச் செல்கிறது. அங்கே குறிக்கப்பட்ட முகாம்தளங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வெளியே பூங்கா நிலத்தில் கூடாரம் போடுவது சட்டப்படி குற்றம். முகாம்தளங்கள் பலவற்றில் தண்ணீர் என்பது ஓடைநீர்தான். வறண்ட மாதங்களில் அது நின்றுபோகக்கூடும். ஹாம்டினில் சிறு கடைகள் இருப்பதால் குடிநீர் வாங்கிக்கொள்ளலாம். எல்லாத் தளத்துக்கும் அந்த வசதி கிடையாது. ‘தண்ணீர் உண்டு’ என்று எழுதும்போது அது குழாயா, மழைநீர்த் தொட்டியா, ஓடையா, ஓடை என்றால் அந்த மாதத்தில் ஓடுமா, கொதிக்கவைக்க வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஓடைநீரைக் கடல் ஏறாத அளவுக்கு மேலே சென்று எடுக்க வேண்டும் என்பதையும் நான் உப்புத் தேநீர் குடித்த உரிமையில் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, இரண்டு தங்குமிடங்களுக்கு இடையிலான தொலைவு. குழுவில் வேகமாக நடக்கும் இளைஞர்களை வைத்தே இது பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. டாஸ்மேனியாவின் மும்முனைப் பாதையை (Three Capes Track) அமைத்தவர்கள் இதை எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2015இல் திறக்கப்பட்ட அந்த 48 கிலோமீட்டர்ப் பாதையில் நான்கு நாள், மூன்று இரவு. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு குடில் வளாகம். ஒரு நாளில் 48 பேருக்குத்தான் இடம். முதல் நாள் ஏறத்தாழ 4 கிலோமீட்டரே. உடலும் முதுகுப்பையும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளட்டும் என்பது போல அந்த நாள் அமைந்திருக்கிறது. இரண்டாம் நாள் 11, மூன்றாம் நாள் 19. அந்தப் பத்தொன்பதிலும் பெரும்பகுதி பில்லர் முனைக்குப் போய்த் திரும்புவது என்பதால், பாரத்தை இரண்டாம் இரவு தங்கிய முன்றோ குடிலிலேயே வைத்துவிட்டுச் சிறு பையோடு போய்வரலாம். தங்குமிடத்தை மனத்தில் வைத்துப் பாதையை அமைத்தால் இப்படி அமையும். அறுபது வயதைத் தாண்டியவரும் நீண்ட நாளில் பாரமின்றி நடப்பார்.

நம் குழுக்களில் மிக மெதுவாக நடக்கும் ஒருவரைத் தேர்ந்து, அவர் மதிய உணவுக்கு நின்று, முழங்காலுக்குத் தைலம் தடவி, படமும் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எந்த இடத்தை அடைவாரோ அந்த இடத்திலுள்ள குடிலை முன்பதிவு செய்யுங்கள் என்று வேண்டுகிறேன். இரண்டு மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கூடாரம் போடும் இடத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா, தென்னை மரத்தின் கீழே இருக்கிறோமா, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடிவரும், பாசிக்கோடு எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் கைவிளக்கில் தெரியாது. நாங்கள் அன்று ஆறரை மணிக்கு வந்து சேராமல் நாலரைக்கு வந்திருந்தால், யாராவது ஒருவர் அந்தக் கோட்டைப் பற்றி இன்னொரு முறை பேசியிருப்பார். ஏபெல் டாஸ்மன் போன்ற பாதையில் இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கரேஜ், பார்க் பே, அவரோவா ஆகிய இடங்களில் படகுகள் நின்று ஆள் ஏற்றிச் செல்கின்றன; ஒரு நாள் முடியாதவர் படகில் போய் அடுத்த குடிலில் குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். இப்படிப்பட்ட பாதைகளைக் குடும்பங்களுக்குத் தேர்ந்தெடுத்தால் பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்காது.

குடில் என்ற சொல் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பொருள் தருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஏபெல் டாஸ்மனின் நான்கு குடில்களிலும் மெத்தை உண்டு, அடுப்பு இல்லை. அடுப்பும் எரிவாயுவும் பாத்திரமும் போர்வையும் நாமே சுமந்து செல்ல வேண்டும். டாஸ்மேனியாவின் மும்முனைப் பாதைக் குடில்களில் எரிவாயு அடுப்பு இருக்கிறது, அதைச் சுமக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தின் குடில்களில் அடுக்குப் படுக்கைகள் பொதுவானவை: அறிமுகமில்லாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் படுப்பது அங்கே இயல்பு, கழிப்பறை வெளியே நடந்து போகிற தூரத்தில் இருக்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் திருமணமாகி ஓராண்டான பெண் தன் மாமியாரோடு வரும்போது, அல்லது வயதுக்கு வந்த மகளோடு ஒரு தாய் வரும்போது, அங்கே போய்த்தான் இதைத் தெரிந்துகொள்வது என்பது பெரிய சங்கடம். முன்பே தெரிந்தால் அவர்கள் பக்கத்திலுள்ள முகாம்தளத்தில் தனிக் கூடாரம் கேட்பார்கள். பெண்கள் இதைக் கூட்டத்தில் எழுந்து கேட்கமாட்டார்கள், ஆகவே கேட்காமலே எழுதுங்கள். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும் இப்படியே. எந்தச் சட்டியில் யார் என்ன சமைப்பது என்பதை மலைமேல் பேசி முடிக்க முடியாது.

விலங்குகள் பற்றி ஒரே ஒரு செய்தி. 1957இல் அமைக்கப்பட்ட பாக்கோ, தும்பிக்கை போன்ற மூக்குடைய குரங்குகளுக்குப் பெயர்போனது. அவை நம்மை ஒன்றும் செய்யாது. அங்கே பைகளைத் திறப்பவை நம் ஊரிலும் பார்க்கிற நீள்வால் குரங்குகள்தான். முறுக்குப் பொட்டலத்தின் சரசரப்பு போதும், கூடாரத்தின் துணியைக் கிழித்து உள்ளே வரும். பாக்கோவில் தங்குபவர்கள் கூடாரத்தைவிடக் கதவும் சன்னலும் உள்ள விடுதி அறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. வார இறுதிகளில் அந்த அறைகள் விரைவில் நிறைந்துவிடும்.

புதிதாகச் சேர்பவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும் முன் இங்கேயே ஓர் இரவு பழக்குங்கள் என்பதே என் அடுத்த வேண்டுகோள். சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். சிறிது நேரத்தில் புலாவ் உபின். ஜெலுத்தோங் முகாம்தளம் படகுத்துறைக்கு அருகிலேயே கடலைப் பார்த்தபடி இருக்கிறது, மாமாம் முகாம்தளம் படகுத்துறையிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது. தீவில் குழாய்நீர் விநியோகம் கிடையாது என்பதால் குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பது ஒரே இரவில் கணக்காகத் தெரிந்துவிடும். அது முடியாவிட்டால் பாசிர் ரிஸ் பூங்காவிலோ ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ குறித்த இடத்தில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதிச்சீட்டோடு ஓர் இரவு போதும். முடிந்தால் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் போங்கள். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் புயல்காற்று மழை, விடியலுக்கு முன்பும் காலையிலும் பலத்த காற்றோடு அடிக்கும் காலம் அது. வீட்டுக்குப் பேருந்தில் திரும்ப முடிகிற இடத்தில் ஒருமுறை அந்தக் காற்றில் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஆணியை எத்தனை ஆழம் அடிக்க வேண்டும் என்று பிறகு மறக்கமாட்டார். இடி கேட்டால் கூடாரத்தை விட்டு உறுதியான கட்டடத்துக்குள் போக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிக்கொடுங்கள். அதனால்தான் வெளிநாட்டில் முகாம்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும், ஓடி ஒதுங்க ஒரு கட்டடம் பக்கத்தில் உள்ளதா என்று கேட்கச் சொல்கிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. கூடாரத்துக்கும் குடிலுக்கும் இடையிலான வேறுபாடு சில குடும்பங்களுக்குச் சுமைதான். ஆனால் மலிவான இடத்தை நீங்களே எங்களுக்காகத் தேர்ந்துவிட்டு அறிவிப்பதைவிட, இரண்டையும் விலையோடு எழுதி எங்களைத் தேர்ந்தெடுக்க விட்டால் யாரும் மனம் வருந்தமாட்டார்கள்.

உங்கள் அடுத்த அறிவிப்பில் ‘தங்குமிடம்’ என்ற தலைப்பின் கீழ், ஒவ்வோர் இரவுக்கும் இடத்தின் பெயர், முந்தைய இடத்திலிருந்து தொலைவு, மெதுவாக நடப்பவர் சேரும் நேரம், அன்றைய கடல் ஏற்ற வற்ற நேரம், தண்ணீர் எங்கிருந்து, படுக்கை எப்படி, அடுப்பு உண்டா, பக்கத்தில் கட்டடம் உண்டா என்பவற்றை எழுதுங்கள். இதைத் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்த மாலைகளில் உட்கார்ந்து செய்து தருகிறேன். கடல் அட்டவணை பார்க்க அப்பாவும் கற்றுக்கொண்டிருக்கிறார். வரும் ஜூன் பயணத்துக்கு அவர் புதுக் காலணி வாங்கி, வீட்டு நடைவழியில் காலை மாலை போட்டு நடந்து பழக்கிக்கொண்டிருக்கிறார். எங்கே தங்கப் போகிறோம் என்று தினமும் என்னிடம் கேட்கிறார். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
உங்கள் நடைகளில் அப்பாவோடு வரும் ஓர் உறுப்பினர்,
ஈசூன், சிங்கப்பூர்